சுழி வாங்கிய ஊர்

“உங்க ஊர்ல இப்ப யாராவது குடியிருக்காங்களா?”

கைபேசியில் ஒருவர் என்னிடம் இப்படித்தான் கேட்டார். நான் அப்போது தருவைக் கரையில், காவல் குடிசையின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்கள் முழுக்கக் கூழைக்கடாக்கள் கூடு வைத்திருந்தன. கரையில் பேசக் கூடாது. அதனால் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு சரிவில் இறங்கி, வயலைத் தாண்டி, ஊர்க்கிணறு வரைக்கும் ஓடினேன். அங்கே நின்று “இருக்கோம்” என்றேன். மூச்சு வாங்கியதில் அது எனக்கே கேட்கவில்லை. அவர் பலமுறை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

மழையில் நிரம்பிக் கோடையில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கும் அகலமான ஏரியை எங்கள் பக்கம் தருவை என்பார்கள். எங்கள் ஊர் கோரைவிளை, அந்தத் தருவைக் கரைக்குக் கீழே இருக்கிறது. முதல் கூழைக்கடா சுள்ளி கொண்டுவரும் நாளிலிருந்து கடைசிக் குஞ்சு பறந்து போகும் நாள் வரை எங்கள் ஊர் சத்தம் போடாது. வெடி கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. கல்யாணம் மேளமில்லாமல் நடக்கும். கோயில் கொடை விழாவைக் கூடு காலம் முடிந்த பிறகுதான் வைப்போம். மோட்டார் சைக்கிளை நெடுஞ்சாலை முக்கிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவோம். மாமியார் மருமகள் சண்டையைக்கூட ஆடி மாதத்துக்குத் தள்ளி வைப்பார்கள் என்று வெளியூரில் எங்களைக் கேலி செய்வதுண்டு. அது பாதி உண்மைதான்.

உச்சி வெயிலில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்தபடி நிற்கும். ஒரு வெடிச் சத்தம் கேட்டு எழுந்து பறந்ததென்றால், அது திரும்பி வருவதற்குள் இறகு முளைக்காத குஞ்சு வெந்து போகும். மிச்சத்தைக் காக்கைகள் பார்த்துக்கொள்ளும்.

நான் இந்தக் கரைக்குக் காவலாக வந்ததற்கு என் குரல்தான் காரணம். எங்கள் பள்ளியில் வருகைப்பதிவை இயந்திரம் எடுத்தது. பெயரைச் சொன்னால் பதில் குரல் அதற்குக் கேட்க வேண்டும். என் குரல் பல நாள் அதற்கு எட்டவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தும் பாதி நாள் நான் வராதவள். ஒன்பதாம் வகுப்போடு உண்மையிலேயே வராதவளாகிவிட்டேன். வீட்டில் சும்மா இருந்தவளைச் சுயம்புகனி அக்கா வந்து கூப்பிட்டாள். அவள் நெடுஞ்சாலை முக்கில் டீக்கடை வைத்திருப்பவள், தன்னார்வக் காவலர்களுக்குத் தலைவி.

“ஏட்டி முப்பிடாதி, ஒன் வாய்க்குத் தோதா ஒரு வேல இருக்கு. சம்பளம் கெடையாது. வாறியா?” என்றாள்.

போனேன். காவலர்கள் சேற்று நிறச் சட்டை போட்டுக்கொண்டு கரையெங்கும் தள்ளித் தள்ளி நிற்போம். கையால்தான் பேசுவோம். மணிக்கட்டை வளைத்தால் கூழைக்கடா. ஒரு கைமேல் மறு கையைக் கூரையாகப் பிடித்தால் குஞ்சு பொரித்துவிட்டது. இப்படி எத்தனையோ உண்டு. சீக்கிரமே அக்காவைவிட வேகமாக நான் கையால் பேசினேன். கரையின் அந்தக் கோடியில் இருப்பவர்கள்கூட நான் சொல்வதைப் பார்ப்பதற்காகத் திரும்பி நிற்பார்கள். அது எனக்குப் புதிதாக இருந்தது.

அரசாங்கம் எல்லா நீர்நிலைகளுக்கும் காது வைத்தபோது எங்கள் கரையிலும் ஒரு கம்பம் வந்தது. ஆள் உயரம், உச்சியில் சல்லடை போட்ட குமிழ். கூடு காலத்தில் மட்டும் அது விழித்திருக்கும். பறவைகளுக்குத் தொந்தரவாகச் சத்தம் போடுகிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான் என்றார்கள் மாட்ட வந்தவர்கள். முதல் வருடம் கூடு காலம் முடிந்ததும் முடிவு வந்தது. மனித ஒலி: சுழி. மாவட்டத்திலேயே சுழி வாங்கிய ஒரே ஊர் என்று கேடயம் கொடுத்தார்கள்.

“பள்ளிக்கூடத்துல முட்ட வாங்குனா அடி. இங்க முட்ட வாங்குனா கேடயம்” என்று அக்கா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஊருக்கே அது ஒரு வீம்பாகிவிட்டது. பால்காரர் சைக்கிள் மணியைக் கழற்றினார். ஆட்டுக் கழுத்து மணிக்குள் துணி திணித்தார்கள். கிணற்றுக் கப்பிக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் போட ஆள் வைத்தார்கள். இரண்டாம் வருடமும் சுழி. மூன்றாம் வருடமும் சுழி. எதையும் கேட்காத அந்தக் கம்பத்துக்குச் செவிட்டான் என்று பெயர் வைத்தோம்.

நான்காம் வருடம், குஞ்சுகள் பொரிக்கத் தொடங்கிய சமயத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது.

கேட்டவர் இரண்டொரு நாளில் நேரிலேயே வந்தார். இன்பசேகர் என்று பெயர். நிலப்பதிவு அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றார். அக்காவின் கடையில் வைத்துத்தான் பேசினோம், அங்கே பேசலாம். வந்தவர் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் நெடுநேரம் பார்த்தார்.

“நான் இப்ப கண்ணால பாக்குறேன். உங்க கையால டீ குடிக்கிறேன். ஆனா நான் பாத்தது செல்லாதும்மா.”

அவர் சொன்னதிலிருந்து நாங்கள் புரிந்துகொண்டது இது. முன்பு அதிகாரிகள் இல்லாத ஊரை இருப்பதாக எழுதி, அதற்கு வீடும் சாலையும் கட்டியதாகப் பணம் எடுத்தார்கள். குடும்ப அட்டை, படம், கையெழுத்து எல்லாவற்றையும் பொய்யாகச் செய்ய முடிந்தது. அதனால் மனிதர் பார்த்து எழுதுவது எதுவும் இனிச் செல்லாது என்று சட்டம் வந்தது. நீர்நிலை ஓரங்களில் காது கேட்டால் ஊர், கேட்காவிட்டால் ஊர் இல்லை. மூன்று கூடு காலம் தொடர்ந்து சுழி வந்த இடத்தில், நான்காவதும் சுழியாகவே முடிந்தால், ஆளே இல்லை என்று பதிவாகிவிடும். பிறகு அந்த நிலம் முழுக்கப் பறவைகளுக்கு. மின்சாரம், ரேஷன், பஸ் எல்லாம் ஒவ்வொன்றாக நிற்கும். எங்களுக்கு நகரத்துக்கு வெளியே அடுக்குமாடி வீடு ஏதோ தருவார்களாம்.

“நாய் கொரைக்கு, சேவல் கூவுது. அதெல்லாம் அதுக்குக் கேக்கலயோ?” என்றாள் அக்கா.

“ஆளில்லாத ஊர்லயும் நாய் குரைக்கும்.”

“அப்போ சத்தம் போட்டாத்தான் மனுசன்.”

“மிஷினுக்கு அப்படித்தான்.”

அதற்கு வழி உண்டா என்று அக்கா கேட்டாள். இந்தக் கூடு காலம் முடிவதற்குள் ஒருமுறை காதுக்கு ஓர் ஊரின் சத்தம் கேட்டால் போதும் என்றார் அவர். ஒருவர் இருவர் பேசுவதைக் காற்றோடு சேர்த்துத் தள்ளிவிடும், அதனால் மேளம், மைக், வண்டி, கூட்டம் என்று கலந்து கொஞ்ச நேரம் கேட்க வேண்டும். பறவைகள் போன பிறகு செய்தால் ஆகாதா என்றதற்கு, அப்போது காது தூங்கிவிடும், அடுத்த முறை அது விழிக்கும்போது நீங்கள் இங்கே இருக்க மாட்டீர்கள் என்றார்.

அவர் மோசமான ஆளில்லை. தான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஒரு மேம்பாலத்தை ஒட்டிய வீட்டில் என்றும், இவ்வளவு அமைதியில் தனக்குத் தலை வலிக்கிறது என்றும் போகும்போது சொன்னார்.

அன்று சாயங்காலம் சமுதாயக் கூடத்தின் கதவு சன்னலை எல்லாம் அடைத்துவிட்டு ஊர்க்கூட்டம் நடந்தது. தாழ்ந்த குரலிலேயே சண்டை போட்டார்கள். சுழி வாங்கிய பெருமையில் நாமே நம்மை அழித்துக்கொண்டோம் என்றார்கள் சிலர். ஒரு வருடக் குஞ்சு போனால் அடுத்த வருடம் பொரிக்கும் என்றார்கள் சிலர். கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த, எனக்கு அண்ணி முறையாகும் சந்தனமாரி மைனி எழுந்தாள். இந்தக் கூடு காலத்துக்கு முன்புதான் அவர்கள் வீட்டுக்குக் காங்கிரீட் போட்டிருந்தார்கள்.

“பறவைக்கு றெக்க இருக்கு. ஒரு தருவ போனா இன்னொரு தருவ. எம் பிள்ளைக்கு என்ன இருக்கு?”

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. பதினைந்து வயதுவரை நான் இருந்தும் இல்லாதவளாக இருந்தது எப்படி என்று சொல்ல நினைத்தேன். கூட்டத்தில் காவலர்கள் தவிர யாருக்கும் கைப்பேச்சு புரியாது. வாய் வரவில்லை.

முடிவு ஒலிபெருக்கிக்குச் சாதகமாகவே வந்தது. மைக் செட்டுக்காரர் தவசிமுத்து அண்ணாச்சியிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் சுற்றுவட்டாரத்துக் கொடைகளுக்கெல்லாம் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவர். சொந்த ஊரில் மட்டும் பாதி வருடம் அவருக்குத் தொழில் இல்லை. அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

மறுநாள் உச்சி வேளையில் அண்ணாச்சி இரண்டு குழாய்களையும் பெட்டியையும் தள்ளுவண்டியில் வைத்துக் கரைமேல் கொண்டுவந்தார். அவர் மனம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சந்தனமாரி மைனி குழந்தையை இடுப்பில் வைத்தபடி கூடவே வந்தாள். எங்கே கட்டலாம் என்று இடம் காட்டுவது என் வேலை. அக்காதான் அனுப்பியிருந்தாள். தன்னால் அதைப் பார்க்க முடியாது என்று அவள் கடையிலேயே இருந்துவிட்டாள்.

அண்ணாச்சி குழாயை வேப்பங்கிளையில் கட்டினார். கம்பியை இழுத்துப் பெட்டியில் செருகினார். கட்டி முடித்த பிறகு, எவ்வளவு தூரம் கேட்க வேண்டும் என்று பார்ப்பவர்போல என் இரட்டைக்குழல் தொலைநோக்கியை வாங்கித் தண்ணீர்ப் பக்கம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அதை மைனியிடம் நீட்டினார்.

மைனி எங்கள் ஊரில் பிறந்தவள்தான். ஆனால் காவலர் தவிர மற்றவர்கள் கூடு காலத்தில் கரைக்கு வருவதில்லை. அதனால் எங்கள் ஊரில் பாதிப் பேர் தாங்கள் யாருக்காகச் சத்தமில்லாமல் இருக்கிறோமோ அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே கிடையாது. அவள் குழலைக் கண்ணில் வைத்தாள். முதல் மரத்தில் ஒரு கூழைக்கடா சிறகை அகட்டி, வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றது. அதன் நிழலுக்குள் தோல் மட்டுமே உடம்பாக இரண்டு குஞ்சுகள். நிழல் நகர நகரத் தாயும் காலை மாற்றி மாற்றி வைத்தது.

மைனி பார்த்துக்கொண்டே முந்தானையை இழுத்துத் தன் குழந்தையின் தலையில் போட்டாள். குழலை என் கையில் கொடுத்தாள். குனிந்து, பெட்டியில் செருகியிருந்த கம்பியை அவளே பிடுங்கினாள்.

கரையிலிருந்து இறங்கிக் கிணற்றடிக்கு வந்த பிறகுதான் அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

“எனக்கு மைக்கக் கையில புடிச்சா ‘ஹலோ மைக் டெஸ்டிங்’ தவிர ஒண்ணும் வராது. அதக் கேட்டு ஒரு உசுரு போனா கேவலம்லா.”

மைனி சிரித்துவிட்டு, அப்படியே அழுதாள். அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போய் அவள்தான் பேசினாள். பறவைக்கு றெக்கை இருக்கிறது என்று சொன்ன அதே வாயால், குஞ்சுக்கு இன்னும் முளைக்கவில்லை என்று சொன்னாள். மறுநாளிலிருந்து காவலர்கள் ஒவ்வொரு வீட்டாரையும் கரைக்குக் கூட்டிப் போய்க் காட்டினோம், கைப்பேச்சையும் சொல்லிக்கொடுத்தோம். இரண்டாம் முறை கூட்டம் கூட்டவில்லை. யாரும் ஒலிபெருக்கியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. சிலர் சாமான்களைக் கட்டத் தொடங்கினார்கள். தேங்காய் நார்க் கயிற்றால், சத்தம் வராமல். அந்த நாட்களில் எங்கள் ஊரைப் பார்த்திருக்க வேண்டும். போகப்போகிறவர்கள் யாரும் போகப்போகிறவர்கள் மாதிரி நடக்கவில்லை. தெருவில் எதிரே வருபவர் கையால் குஞ்சு எப்படியிருக்கிறது என்று கேட்பார். நான் கூரை பிடித்துக் காட்டுவேன். அவர் தலையை நிமிர்த்திக்கொண்டு போவார்.

கூடு காலம் முடியும் தருணத்தில் இன்பசேகர் மறுபடி வந்தார். இந்தமுறை கையில் ஒரு பெட்டி இருந்தது. ஊரைப் பதிவிலிருந்து எடுக்கும் முன் கடைசி அழைப்பு என்று ஒன்று உண்டாம். காதுக் கம்பத்தின் அடியில் வைத்து அபாயச் சங்கு ஊத வேண்டும். யாராவது மிச்சம் இருந்தால் வெளியே வந்து சத்தம் கொடுப்பார்கள் என்பது கணக்கு. மூத்த குஞ்சுகள் பறக்கப் பழகியிருந்தன. பிந்திப் பொரித்தவை இன்னும் நிழலுக்குள்தான் இருந்தன.

அவர் கரைக்கு வந்தபோது ஊரே அங்கே நின்றது. யாரும் அவரை மறிக்கவில்லை. சேற்று நிறத் துண்டோ சேலையோ உடுத்தி, சரிவில் வரிசையாக நின்றார்கள். செவிட்டானின் பக்கத்தில் நானும் சுயம்புகனி அக்காவும் காவலில் இருந்தோம். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் இதை ஊதணும்னு ஆசைப்பட்டு வரல. இத்தனை பேர் நிக்கிறீங்க. எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு தடவை கத்துங்க. போதும். நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடறேன்.”

நான் தலையசைத்து மறுத்தேன். அவர் அக்காவிடம் திரும்பினார். அவளும் அசைத்தாள். வரிசையிலிருந்த ஒவ்வொருவரிடமும் கண்ணால் கேட்டுப் பார்த்தார். தவசிமுத்து அண்ணாச்சி கும்பிட்டார். அவ்வளவுதான்.

நான் இரட்டைக்குழலைக் கொடுத்தேன். அவர் பார்த்தார். பார்த்த பிறகு அவருக்கு இன்னும் பேச்சு அதிகமாகிவிட்டது. அமைதி சிலரைப் பேச வைக்கும்போல. முதல் மரத்துப் பறவை கழுத்தை நீட்டியது. நான் உதட்டில் விரல் வைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஆனால் நிறுத்தவில்லை. கம்பத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, என்னிடமா அதனிடமா என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். சட்டத்தைத் தான் எழுதவில்லை என்றார். தான் ஊதாவிட்டால் நாளைக்கு வேறொருவர் வந்து ஊதுவார் என்றார். தன் வீட்டில் நான்கு பக்கமும் சத்தம், அதனால் தான் ஒரு ஆள் என்று அரசாங்கத்துக்குத் தெரிகிறது, நீங்கள் ஒழுங்காக இருந்த பாவத்துக்கு இல்லாமல் போகிறீர்கள், இதை யாரிடம் போய்ச் சொல்வது என்றார். கடைசியில் குரல் உடைந்து, “உங்களுக்கு ஊரைவிட இதுவா பெருசு?” என்று கேட்டார்.

பதில் சொல்லக் கரையில் வாய் கிடையாது. நான் கையால் சொன்னேன். அவருக்குப் புரியாது என்று தெரியும். இதுதான் எங்கள் ஊர் என்று சொன்னேன். என் கையைப் பார்த்து வரிசை முழுக்க அதையே சொன்னது. அத்தனை கைகளும் ஒன்றாக அசைந்ததை அவர் பார்த்தார். பேச்சை நிறுத்தினார்.

பிறகு குனிந்து பெட்டியின் திரையைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். சங்கை ஊதும் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் பொத்தான் இல்லை. அங்கே பச்சை எழுத்தில் இப்படி இருந்தது: மனித ஒலி உண்டு. குடியிருப்பு உறுதியானது.

அவர் விரலால் கீழே தள்ளினார். இந்த இடத்தின் தொடர்ந்த அமைதிக்கு ஏற்பக் கேட்கும் திறன் கூட்டப்பட்டுள்ளது என்று ஒரு வரி. அதை அவரும் இப்போதுதான் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. சத்தமே இல்லாத இடத்தில் வருடக்கணக்காகக் காது கொடுத்து நின்ற கம்பம், கேட்டுக் கேட்டுக் கூர்மையாகிப் போயிருந்தது. அதற்கு ஒரு மனிதனின் புலம்பலே ஓர் ஊரின் இரைச்சலாகக் கேட்டுவிட்டது.

அதற்கும் கீழே ஒரு கட்டம் இருந்தது. ஒலி இவ்வூராருடையதுதானா என்பதில் ஐயமிருந்தால் அலுவலர் இங்கே குறிக்கவும். அவர் விரல் அதன்மேல் நின்றது. குறித்தால் அடுத்த நிமிடமே சங்குப் பொத்தான் வந்துவிடும். சட்டப்படி அவர் குறிக்கத்தான் வேண்டும். அது யாருடைய குரல் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

அக்கா என் தோளைத் தொட்டாள். அவளும் திரையைப் படித்திருந்தாள். விரல்களைச் சுழியாக வளைத்து, பிறகு பிரித்துக் காட்டினாள். நம் சுழி போய்விட்டதே என்று கேட்டாள். ஊர் பிழைத்த நேரத்தில் அவளுக்கு அந்தக் கவலை.

நான் இரண்டு கையையும் தூக்கி, எல்லாரும் பார்க்கும்படி சொன்னேன். அந்தச் சத்தத்தில் நம்முடையது ஒன்றுகூட இல்லை.

அவள் நிமிர்ந்தாள். பக்கத்தில் நின்றவருக்கு அதைக் கையால் கொடுத்தாள். அவர் அடுத்தவருக்குக் கொடுத்தார். அது வரிசையில் ஆளாளாகப் போய்ச் சந்தனமாரி மைனியிடம் சேர்ந்தபோது அவள் குழந்தையை உயரத் தூக்கிப் பிடித்தாள். அந்தப் பிள்ளையும் அழவில்லை.

இன்பசேகர் எங்களைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். விரலைத் திரையிலிருந்து எடுத்தார். பெட்டியைச் சத்தம் வராமல் மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு, சரிவில் இறங்கி வயல் வழியே நடந்தார். நாங்கள் வழிவிட்டு நின்றோம். கிணறு வந்தது, அதற்கப்பால் பேசலாம். அவர் அதையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தையும் சொல்லாமல்.